மழை பெய்தால் கொட்டும் குழாய்

லாரி டிரைவர் தன் கைபேசியை மேஜைமேல் வைத்துவிட்டு, அது சுட்டுவிடும் என்பதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். முந்தின நாள் மதியம் அவர் மனைவி பேசியது அதில் பதிவாகியிருந்தது. அதன் பிறகு அவளுடைய எண் அணைந்தே கிடக்கிறது.

மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய அறை அது. கதவில் 'துப்பறியும் நிலையம்' என்று எழுதியிருக்கும். உள்ளே வருகிறவர்கள் நிலையம் எங்கே என்று கேட்பார்கள். நிலையத்தின் தலைவி அத்தை. தீப்பிடிக்காத கிடங்குக்குக் காப்பீட்டுத் தொகை கேட்கிறவர்களைக் கண்டுபிடிப்பதில் பாதி வாழ்க்கையைக் கழித்தவள். மீதி ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே ஆள்: அவளுடைய அண்ணன் மகன். வாய் ஓயாமல் பேசுவதால் தெரிந்தவர்கள் எல்லாரும் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். பயம் வந்துவிட்டால் அவனுக்கு வாய் இன்னும் நீளும். அது அத்தைக்கு மட்டும் தெரியும்.

டிரைவரின் மனைவி மண் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். நேற்றுக் காலை மண் எடுக்கப் போனவள் வீடு திரும்பவில்லை. காவல் நிலையத்தில் இந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, அவளாகத்தான் போயிருக்கிறாள், அவளாகவே வருவாள், போய்ச் சாப்பிட்டுத் தூங்கு என்று அனுப்பிவிட்டார்களாம். டிரைவர் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அத்தை பதிவை ஓடவிட்டாள். பெண் குரல் எழுதி வைத்துப் படிப்பதுபோல நிதானமாக வந்தது.

"நான் சினேகிதி வீட்டுல இருக்கேன். ரெண்டு நாள் கழிச்சு வரேன், தேடாதீங்க. பாத்ரூம் குழாயைப் பத்திக் கவலைப்படாதீங்க. காலையில மழை பிடிச்ச உடனே தடதடன்னு கொட்டுச்சு. கொஞ்ச நேரத்துல தானா நின்னுடுச்சு. இருக்கிற தண்ணி மட்டும் வடியவே இல்ல."

"உங்க வீட்டுக் குழாய் வானிலை அறிக்கை எல்லாம் கேட்குமா சார்?" என்றான் ரேடியோ. சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டான். 

வீட்டில் எந்தக் குழாயும் பழுதாகவில்லை என்றார் அவர். அவளுக்குச் சினேகிதி என்று யாருமே கிடையாது. வேலை, வீடு, வேலை, அவ்வளவுதான்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு டிரைவரைப் பார்க்காமல் ரேடியோவைப் பார்த்துச் சொன்னாள்.

"பக்கத்துல யாரோ நின்னு பேச வைக்கிறாங்க. அவனுக்குப் புரியாத மாதிரி இவ விஷயத்தைச் சொல்றா. இது வீட்டுக் குழாய் இல்ல. அவ இருக்கிற இடத்துல, மழை பெஞ்சா மேலேயிருந்து தண்ணி வருது. வந்தது வெளியே போக வழியில்ல."

"மேலேயிருந்துன்னா?"

"அவ மண்ணுக்குக் கீழ இருக்கா."

வெளியே எங்கோ தூரத்தில் இடி உருண்டது. நாலைந்து மாதம் எட்டிப் பார்க்காத மழை நேற்றுத்தான் முதன்முதலாகக் கொட்டியிருந்தது. இன்றைக்கு மறுபடி வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மேலே ஏதாவது சொல்லவேண்டும் என்று ரேடியோவின் வாய் பரபரத்தது. அதற்குள் அத்தை எழுந்து ஆய்வகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

*

ஆய்வகத்தின் மேனேஜர் மெல்லிய குரலில் பேசும் உயரமான மனிதர். அவர்கள் நுழைந்தபோது ஜன்னலோரம் இருந்த பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாரையும் உட்காரச் சொன்னார். ரேடியோ உட்கார்ந்த இடம் சரியாகத் தொட்டிக்குக் கீழே. ஊற்றிய வேகத்திலேயே தண்ணீர் அடித்துளை வழியாக இறங்கி அவன் கால்சட்டையை நனைத்துவிட்டது. மேனேஜர் பதறிப்போய்த் துணி எடுத்துக் கொடுத்தார்.

"காஞ்ச மண்ணு, சுருங்கிப் போயிருக்கு. முதல் தண்ணி இப்படித்தான் ஓரமா ஓடிடும். மறுபடி ஊத்தினாதான் நிக்கும்" என்று மன்னிப்புக் கேட்டார்.

பிறகு டிரைவரின் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார். தன்னிடம் வேலை பார்த்தவர்களிலேயே அவள்தான் கெட்டிக்காரி என்றார். பதிவைக் கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டுக் கைபேசியை டிரைவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

அவள் வேலை என்ன என்று அத்தை கேட்டாள். மேனேஜர் அலமாரியிலிருந்து மூன்று கண்ணாடிச் சாடிகளை எடுத்து வைத்தார். மண்ணைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் முதலில் அடியில் படியும், அதன்மேல் வண்டல், கடைசியில் களி. ஒவ்வொன்றும் எவ்வளவு என்று அளந்து, மண் எவ்வளவு இறுகிக் கிடக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அந்த மண்ணுக்குள் தண்ணீர் என்ன வேகத்தில் இறங்கும் என்று உத்தேசமாகச் சொல்லிவிடலாம். அதற்காக வயலுக்கெல்லாம் போய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

"கைரேகை பார்த்து ஆயுசு சொல்ற மாதிரி" என்றான் ரேடியோ.

"கிட்டத்தட்ட. ஆனா இது பலிக்கும்" என்று மேனேஜர் லேசாகச் சிரித்தார்.

மேல் ஏரிக்கு ஒரு கான்ட்ராக்டர் புதுக் கரை கட்டி முடித்திருந்தார். எந்த மண்ணை எடுத்துக் கட்டுவது என்று பார்க்க மூன்று இடங்களில் இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழிகள் வெட்டி, இரும்பு மூடி போட்டு வைத்திருந்தார்கள். ஆற்றங்கரை மணல்மேடு ஒன்று. தோப்பு ஒன்று. கறுப்புக் களிமண் காடு ஒன்று. மூன்றும் மூன்று திசை. அவள் நேற்று அந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் போனாள், எது என்று தனக்குச் சொல்லவில்லை என்றார்.

அத்தை சாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ மண்ணைப் பத்தித்தான் சொல்லியிருக்கா. தடதடன்னு கொட்டி, தானா நின்ன தண்ணி. இது எந்த மண்ணு?"

மேனேஜர் ஒவ்வொரு சாடியாகத் தொட்டுக் காட்டினார். மணலாக இருந்தால் கொட்டியது நிற்காது. களியாக இருந்தால் கொட்டவே கொட்டாது. களிக்குள் தண்ணீர் ஒரு முழம் இறங்கவே நாள்கணக்காகும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது தோப்பு மண். முதலில் குடிக்கும், வயிறு நிறைந்ததும் மெதுவாகும். ஆகவே தோப்புதான்.

கேட்பதற்குக் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. ரேடியோ கார்ச் சாவியை எடுத்துவிட்டான். டிரைவருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. ஆற்றங்கரையைத் தான் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுவதாகச் சொல்லி லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தோப்புக்கு வழிகாட்டத் தானே வருவதாக மேனேஜர் சொன்னார். மூலையில் சாத்தியிருந்த, மண்ணைக் குத்திப் பார்க்கும் நீண்ட இரும்புக் கம்பியையும் எடுத்துக்கொண்டார். குழி மூடியை நெம்ப உதவும் என்றார்.

*

ரேடியோ ஓட்டினான். அத்தை பக்கத்தில். மேனேஜர் பின் இருக்கையில், கம்பியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு. கடைகள் குறைந்து, கிடங்குகள் வந்து, கிடங்குகளும் முடிந்து வெட்டவெளி ஆரம்பித்தது. மதியம்தான், ஆனால் வண்டிகள் எல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு எதிரே வந்தன.

இரும்பு மூடிக்குக் கீழே இருட்டில் ஒருத்தி நின்றுகொண்டு இந்த இடியைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அதை நினைக்காமல் இருக்க ரேடியோ பேசினான்.

"பள்ளிக்கூடத்துல முதல் நாள்கூட நான் கால்சட்டையை நனைச்சது கிடையாது அத்தை. இன்னிக்கு ஒரு பூந்தொட்டி மானத்தை வாங்கிடுச்சு. ஊத்தின தண்ணி உள்ள தங்கணும்கிற நன்றியாவது இருக்கா அதுக்கு? நேரா என் மேலதான் வரணுமா?"

அத்தை சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. அவன் திரும்பிப் பார்த்தான். அவள் அவனுடைய ஈரக் கால்சட்டையையே வெறித்துக்கொண்டிருந்தாள். முன்கண்ணாடியைப் பார்த்தபடி, வீட்டில் பேசுகிற சாதாரணக் குரலில் அவள் சொன்னாள்.

"தம்பி, பெரியப்பா வீட்டு வழியா போயிடலாம். அடுத்த இடது பக்கம்."

அத்தை அவனை 'டேய்' என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் அதற்கும் கீழே இறங்குவாள். தம்பி என்று கூப்பிட்டதே இல்லை. தவிர, அவன் அப்பாதான் அந்த வீட்டில் மூத்தவர். அவனுக்குப் பெரியப்பாவே கிடையாது.

இடது பக்கம் திரும்பினால் களிமண் காடு.

அவன் கண் தானாகவே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குப் போனது. மேனேஜர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியின் கூர் முனை அவன் இருக்கைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் ஆடியது. பூந்தொட்டி மேனேஜருடையது. காய்ந்த மண் சுருங்கி முதல் தண்ணீரை ஓடவிட்டுவிடும் என்று சொன்னது அவர் வாய்தான். தன் தொட்டி மண்ணுக்குச் சொன்ன விஷயத்தை, ஒரு பெண்ணின் உயிர் ஊசலாடும்போது அவர் ஏன் சொல்லவில்லை? ரேடியோவுக்கு இதெல்லாம் ஒரே நொடியில் புரிந்தது.

அவன் இடது பக்கம் திரும்பினான். திரும்பும்போதே பேச ஆரம்பித்தான்.

"எங்க பெரியப்பா இருக்காரே சார், பெரிய குறட்டைக்காரர். பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு தடவை தண்ணி லாரின்னு நினைச்சுக் குடத்தோட வந்துட்டாங்க. பெரியம்மா பாவம், காதுல பஞ்சு வெச்சே காலத்தை ஓட்டிட்டாங்க. இப்போ நாம நல்லது சொன்னாலும் அவங்களுக்குக் கேட்கிறதில்ல. பெரியப்பாவுக்கு அதுவும் வசதியாப் போச்சு..."

பிறக்காத பெரியப்பாவுக்குக் கல்யாணம் செய்து வைத்தான், கடன் வாங்கிக் கொடுத்தான், மூட்டுவலி கொடுத்தான். நிறுத்தினால் தன் இதயத் துடிப்பு பின் இருக்கை வரைக்கும் கேட்டுவிடும் என்று தோன்றியது. வாகை மரம் போனது. உடைந்த பாலம் போனது. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

"இது களிமண் காட்டுக்குப் போற வழி" என்றார் மேனேஜர்.

ரேடியோவின் பேச்சு பாதி வார்த்தையில் அறுந்தது.

"ஆமா" என்றாள் அத்தை, திரும்பிப் பார்க்காமலே. "சாடியில குலுக்கினா களி எவ்வளவுன்னு தெரியும். விரிசல் எவ்வளவுன்னு தெரியாது. குலுக்கினா விரிசல் ஏது? மாசக்கணக்கா காஞ்ச களியில கையை விடுற அளவுக்குப் பிளந்திருக்கும். முதல் மழை அதுக்குள்ள தடதடன்னு கொட்டும். ஊறி உப்பினதும் விரிசல் மூடிக்கும். அப்புறம் ஒரு சொட்டு இறங்காது. உள்ள போனது வடியவும் வடியாது. தோப்பு மண்ணா இருந்தா அவ பேசுறதுக்குள்ளயே வடிய ஆரம்பிச்சிருக்கணுமே. அவ மூணையும் சொல்லியிருக்கா. நீங்க மூணையும் கேட்டீங்க. கேட்டுட்டுத் தோப்புன்னு சொன்னீங்க."

அப்போதுதான் மழை விழுந்தது. தூறல் எல்லாம் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கூரையை அறைந்தது.

ரேடியோவின் பிடரியில் ஏதோ குளிர்ச்சியாகத் தொட்டது. கம்பி முனை.

"வண்டியைத் திருப்பு" என்றார் மேனேஜர். அவர் குரலும் நடுங்கியது. அதுதான் ரேடியோவுக்கு இன்னும் பயமாக இருந்தது. நடுங்குகிறவன் கையில் இரும்பு இருக்கக்கூடாது.

திருப்பியிருப்பானோ மாட்டானோ, அவனுக்கே தெரியாது. அதற்குள் தார் முடிந்து மண் பாதை வந்துவிட்டது. சக்கரம் கறுப்பு மண்ணில் பட்டதும் கார் அவன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. பின்பக்கம் வழுக்கி, பாதி வட்டம் அடித்து, ஓரப் பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது. கம்பி கைநழுவி முன் இருக்கைகளுக்கு இடையில் விழுந்தது. மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு ஓடினார்.

கொஞ்ச தூரம்தான் ஓடினார். களிமண் அவருடைய காலணிகளை ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுற்றுப் பெரிதாக்கியது. கல்லைக் கட்டிக்கொண்டவர்போல இழுத்து இழுத்து நடந்து, குப்புற விழுந்தார். எழுந்து மறுபடி விழுந்தார். பிறகு எழவில்லை.

"அவரை விடு. குழி" என்றாள் அத்தை.

*

காடு என்று பேர்தான், ஒரு மரம்கூட இல்லை. கண்ணுக்கெட்டிய வரை கறுப்பு மண், அதன்மேல் தேங்கி நின்று கொதிப்பதுபோல மழையில் துள்ளும் தண்ணீர். ஒரு சொட்டும் கீழே இறங்கவில்லை. குழிகள் தாழ்வான பக்கத்தில் இருந்தன. மூடிகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் மறைந்துவிட்டிருந்தன.

அத்தை கத்தினாள். ரேடியோவும் கத்தினான். மழை இரைச்சலில் தன் குரலே தன் காதுக்கு எட்டவில்லை. கம்பியால் தரையைக் குத்திக்கொண்டே போனான். இரும்பு இரும்பில் மோதியது. ஒரு மூடி. தட்டினான், காதை வைத்தான். ஒன்றும் இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. எல்லா மூடியையும் நெம்பிப் பார்க்க நேரம் இருக்காது என்று அவனுக்குத் தெரிந்தது. உள்ளே ஒருத்தி எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிப்பாள் என்று நினைத்ததும் அழுகை முட்டியது.

அப்போது சற்றுத் தள்ளித் தண்ணீர் ஒரு இடத்தில் மட்டும் வேறு மாதிரி துள்ளுவதைப் பார்த்தான். மற்ற இடங்களில் துளி விழுந்து தெறித்தது. அங்கே மட்டும் கீழிருந்து குமிழ் குமிழாக வந்தது. தண்ணீர் இடுக்கு வழியாக உள்ளே போகப் போக, உள்ளே இருந்த காற்று வெளியே வந்துகொண்டிருந்தது.

"அத்தை, இங்க!"

இருவரும் கம்பியை மூடியின் இடுக்கில் கொடுத்து முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினார்கள். மூடி அசைந்தது. தண்ணீர் மொத்தமாக உள்ளே பாய்ந்தது. ஐயோ, நாமே கொன்றுவிட்டோம் என்று ரேடியோ நினைத்தான். வயிற்றை மண்ணில் பதித்துக் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டான். இருட்டு. குளிர்ந்த தண்ணீர். பிறகு, எலும்பு முறிகிற மாதிரி இறுக்கிப் பிடித்த ஒரு கை.

காரில் கிடந்த கயிற்றை அத்தை ஓடிப்போய் எடுத்துவந்தாள். டிரைவரின் மனைவி வெளியே வந்தபோது கறுப்பு மண்ணால் செய்து வைத்ததுபோல இருந்தாள், கண் மட்டும்தான் வெள்ளை. உள்ளே ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் நின்றிருக்கிறாள். தண்ணீர் தாடை வரைக்கும் வந்துவிட்டதாம்.

புருஷனைக் கேட்பாள், தண்ணீர் கேட்பாள், அழுவாள் என்று ரேடியோ எதிர்பார்த்தான். அவள் பல் கிட்டிப்போன வாயால் ஏரிக்கரை என்றாள். ஏரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கேட்டாள்.

அத்தை தன் மேல்சட்டையைக் கழற்றி அவளுக்குப் போர்த்தி, மெல்ல மெல்லக் கேட்டு வாங்கினாள். புதுக் கரையைக் களியால் கட்டியதாகக் கான்ட்ராக்டர் சொன்னார், ஆய்வகமும் ஆமாம் என்றது. அவளுக்கு என்னவோ உறுத்தியது. கரையிலிருந்தே ஒரு பிடி மண்ணை அள்ளிச் சாடியில் குலுக்கினாள். பாதிக்கு மேல் மணல். கணக்குப் போட்டாள். கரையை ஊடுருவித் தண்ணீர் வர ஆயுசு போதாது என்று எழுதியிருந்த இடத்தில், உண்மையில் ஓரிரு நாள்தான் என்று வந்தது. மேனேஜரிடம்தான் போய்ச் சொன்னாள். மறுநாள் மண் எடுக்கப் போன இடத்தில் கான்ட்ராக்டரின் ஆள் காத்திருந்தான்.

நேற்று முதல் மழை. ஏரிக்குத் தண்ணீர் வந்து முழுசாக ஒரு நாள் ஆகிறது. கரைக்குக் கீழே வரிசை வரிசையாகத் தெருக்கள்.

ஆற்றங்கரையிலிருந்து திரும்பும் பாதை ஏரிக்கரையின் அடிவாரம் வழியாகத்தான் வரும். அத்தை டிரைவரைப் போனில் கூப்பிட்டாள். மனைவியின் குரலைக் கேட்டதும் அவர் குலுங்கிக் குலுங்கி அழுதது, மழையையும் மீறி வெளியே கேட்டது.

"அழாதீங்க. நான் நல்லா இருக்கேன். முதல்ல லாரியை விட்டு இறங்குங்க. கரையோட அடியில எங்கயாவது தண்ணி கசியுதா பாருங்க."

கசிகிறது என்றார்.

"தெளிவா வருதா, கலங்கலா வருதா?"

அந்தப் பக்கம் அவர் சேற்றில் இறங்கி நடக்கிற சத்தம் கேட்டது. ரேடியோவுக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று தெரியாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதிலுக்காகக் காத்திருந்தபோது, பிடரியில் கம்பி பட்டதைவிட அதிகமாகப் பயந்தான்.

"கலங்கல்தான். டீ நிறத்துல வருது" என்றார் டிரைவர்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தெளிந்த தண்ணீர் வந்தால் வெறும் கசிவு. கலங்கி வந்தால் அது கரையை உள்ளிருந்து அரித்து மண்ணையும் சேர்த்துக் கொண்டுவருகிறது என்று அர்த்தம்.

அத்தை மதகுக் காவலரைப் போனில் பிடித்தாள். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அசையவில்லை. கரை உறுதி என்று ஆய்வகமே சொல்லியிருக்கிறது, யாரோ துப்பறிகிற அம்மா மழையில் நின்று போன் பண்ணினால் மதகைத் திறந்துவிட முடியுமா, சொன்னவர் வாயால் வரட்டும் என்றார்.

சொன்னவர் சேற்றில் உட்கார்ந்திருந்தார். ஓடுகிற எண்ணமே போய்விட்டிருந்தது. அத்தை கெஞ்சினாள், மிரட்டினாள். தான் ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்றியதாகவும், மழைக்காலத்துக்குள் கரையைச் சரிசெய்துவிடுவதாகக் கான்ட்ராக்டர் சத்தியம் செய்ததாகவும், அவளைக் குழிக்குள் அடைப்பார்கள் என்று தனக்குத் தெரியவே தெரியாது என்றும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கைபேசியைப் பார்க்கக்கூட மறுத்தார்.

ரேடியோ அவர் பக்கத்தில், அதே சேற்றில் உட்கார்ந்தான்.

"சார், எனக்கும் பயமாத்தான் இருக்கு. கையைப் பாருங்க, நிக்க மாட்டேங்குது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். இப்போ பேசினாலும் ஜெயில், பேசலைன்னாலும் ஜெயில். அதுல ஒண்ணும் மாறப் போறதில்ல. ஆனா நீங்க பேசலைன்னா, நாளைக்கு அந்தத் தெருக்கள்ல இருந்து எத்தனை பேரைத் தூக்கிட்டு வருவாங்கன்னு எனக்குக் கணக்குப் போடத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

மேனேஜர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவர் உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. உண்மையாகவே கணக்குப் போடுகிறார் என்று ரேடியோவுக்குப் பட்டது. பிறகு சேற்றுக் கையை நீட்டிக் கைபேசியை வாங்கிக்கொண்டார்.

"நான்தான் பேசறேன்" என்றார். "கரையைப் பத்தி நான் கொடுத்தது பொய். அது களி இல்ல, மணல். எல்லா மதகையும் திற. கீழ இருக்கிறவங்களை உடனே வெளியே அனுப்பு."

*

மதகுகள் திறந்தன. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் கீழ்த் தெருக்களுக்குள் லாரியை விட்டார். வராதவர்களைக் கதவைத் தட்டி இழுத்தார், நடக்க முடியாதவர்களைத் தூக்கி ஏற்றினார், மேட்டில் இறக்கிவிட்டு மறுபடி போனார். அன்று பொழுது சாய்வதற்குள் கரையின் ஒரு மூலை, ஈர மாவு சரிவதுபோலச் சத்தமே இல்லாமல் சரிந்தது. அதற்குள் ஏரி பாதி வடிந்துவிட்டிருந்தது. வந்த தண்ணீர் ஆளில்லாத வீடுகளுக்குள் இடுப்பளவு புகுந்து, கட்டில்களையும் கதவுகளையும் இழுத்துக்கொண்டு போனது. ஆளை யாரையும் இழுக்கவில்லை. ஊரை விட்டுக் கிளம்பப் பார்த்த கான்ட்ராக்டரையும் அவருடைய ஆளையும், வெள்ளத்துக்காக மறித்திருந்த சாலையிலேயே போலீஸ் பிடித்தது. மேனேஜர் ஜீப்பில் ஏறும்போது யாரையும் பார்க்கவில்லை.

மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்து வராந்தாவில் அவளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். லாரி கடைசியாக வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். வேகமாக வந்தவர், பக்கத்தில் வந்ததும் என்ன செய்வது என்று தெரியாதவர்போல நின்றுவிட்டார். அவளும் எழுந்திருக்கவில்லை.

பிறகு அவர் தரையில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவளுடைய பாதத்தைத் தன் மடியில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தார். கறுப்புக் களி லேசில் போகிற மண் இல்லை. துடைக்கத் துடைக்க இன்னும் அப்பிக்கொண்டது. விரலிடுக்கு, நகக்கண், கணுக்கால் என்று ஒவ்வொரு இடமாகத் தேய்த்தார்.

"விடுங்க, காஞ்சா தானா உதிர்ந்துடும்" என்றாள் அவள்.

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. துண்டின் ஈரமில்லாத முனையைத் தேடி எடுத்து, மறுபடி துடைத்தார்.